அய்யாதுரை இருக்காரே

அய்யாதுரை கடைசியாக உட்கார்ந்தது எண்பத்தைந்தாம் வருஷம். தேதி யாருக்கும் ஞாபகமில்லை. கடையில் மெத்தையைச் சுருட்டிய நாள் என்று சொன்னால் உஸ்மான் ரோட்டுப் பழைய ஆட்கள் தலையாட்டுவார்கள்.

அதுவரை வெள்ளைச்சாமி பட்டு மாளிகையில் தரையோடு தரையாக மெத்தை போட்டு மேலே வெள்ளைத் துணி விரித்திருக்கும். வாங்க வருகிறவர்களும் அதில் உட்காருவார்கள், விற்கிறவர்களும் உட்காருவார்கள், நடுவில் சேலை மலையாக ஏறும். பிறகு முதலாளி வெள்ளைச்சாமி அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்காகப் பம்பாய் போனார். போன இடத்தில் ஒரு கடையின் கண்ணாடிக் கவுண்டரை வெளியே நின்றபடி பதினைந்து நிமிஷம் பார்த்தார். திரும்பி வந்ததும் மெத்தையைச் சுருட்டினார். கவுண்டர் வந்தது. வாங்குகிறவர்களுக்கு நாற்காலி வந்தது. விற்கிறவர்களுக்கு ஒன்றும் வரவில்லை.

"விக்கிறவன் உக்காந்தாம்னா அவன் கையில இருக்க சேலையும் உக்காந்துரும்வே," என்றார் அண்ணாச்சி. இதற்கு மேல் அவர் விளக்கம் கொடுத்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை.

காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம் உண்டு. சாப்பிடுகிற அறையில் நெஞ்சுயரத்துக்கு ஒரு கடப்பைக்கல் மேடை. அதில் டிபன் பாக்ஸ் உட்காரலாம், ஆள் உட்கார முடியாது.

இப்படி ஒன்பது வருஷம் நின்றதில் அய்யாதுரையின் கால்கள் பாதி மடங்குவதை மறந்துவிட்டன. நிற்பார், படுப்பார், இரண்டுக்கும் நடுவில் உள்ளது வராது. பஸ்ஸில் இடம் இருந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே தூங்குவார். ஒரு தடவை அப்படித் தூங்கியவரைக் கவனிக்காமல் வடபழனி டெப்போவில் வண்டியை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். விடியற்காலையில் வண்டி துடைக்க வந்தவன் இவரையும் ஒரு கம்பி என்று நினைத்து மேலிருந்து கீழே துடைத்தான். அவர் கண்ணைத் திறந்து, "பார்டர் பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டார். அதே வண்டியில் தி. நகர் போய் நேரத்துக்குக் கவுண்டரில் நின்றுவிட்டார்.

கடைக்கு வந்த ஒரு அம்மாள் அவரைப் பொம்மை என்று எண்ணிச் சட்டைக் காலரைத் திருப்பி விலை பார்த்ததும் உண்டு. வீட்டில் மனைவி கனியம்மாளுக்கு வேறு கஷ்டம். தூக்கத்தில் அவர் கை போர்வையை உதறும், விரிக்கும், முந்தியைக் காட்டும், மடிக்கும். ஒரு நாள் கனியம்மாளோடு சேர்த்து நாலாக மடித்து அலமாரியில் வைக்கக் கிளம்பினார். அலமாரி சின்னது, அவள் தப்பித்தாள்.

நின்றே பழகிய மனிதரிடம் ஓர் ஆபத்து உண்டு. பார்க்கிறவர்களுக்கு அவர் எதற்கோ தயாராக நிற்பது போலத் தோன்றும். ஆகவே எல்லோரும் அவரிடம் ஏதாவது சொன்னார்கள். கடையில் சரக்கு இறக்க ஆள் குறைந்தால் அய்யாதுரை இருக்காரே என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரன் கேஸ் சிலிண்டரை மூன்றாம் மாடிக்கு ஏற்ற வேண்டும் என்றாலும் அய்யாதுரை இருக்காரே. அவருக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: "ஆகட்டும்." ஐம்பத்திரண்டு வயதில் அந்தச் சொல் அவர் வாயில் நாக்குக்குப் பக்கத்திலேயே குடியிருந்தது, நாக்கை அசைக்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கலாம் என்று பார்த்தால் அன்றைக்குக் கோயில். மயிலாப்பூரில் லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்னக் கிறிஸ்தவக் கோயில் அது. நாசரேத்திலிருந்து பிழைக்க வந்த நாளிலிருந்து அய்யாதுரை அங்கேதான் போகிறார். அங்கே அவருக்குக் கொடுத்திருந்த ஊழியம் வாசலில் நின்று, பிந்தி வருகிறவர்களுக்கு இடம் பார்த்து உட்கார வைப்பது. பிறகு காணிக்கைப் பையை நீட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பது. பீடத்துக்குப் பின்னால் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வசனம் உண்டு. சுமந்து களைத்தவர்களையெல்லாம் தம்மிடம் வரச் சொல்லி, இளைப்பாறுதல் தருவதாக ஆண்டவர் வாக்குக் கொடுக்கும் வசனம். அய்யாதுரை அதை ஒன்பது வருஷமாகக் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றபடி வாசித்திருக்கிறார். உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் அந்தச் சபையில் நாற்பது நாள் சங்கிலி ஜெபம் வைத்தார்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை யாராவது ஒருவர் கோயிலில் முழங்காலில் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு மணி நேரம். நடுவில் ஒரு நிமிஷம் ஆளில்லை என்றால் சங்கிலி அறுந்ததாகக் கணக்கு.

இதை நடத்தப் பொறுப்பெடுத்தவர் ஞானசிகாமணி. விழுப்புரத்துக்கும் காட்பாடிக்கும் நடுவில் பல ஸ்டேஷன்களில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதர்களை நம்பி வண்டி விடக் கூடாது என்பது அவர் அனுபவம். ஒற்றை வழி ரயில் பாதையில் ஓட்டுகிற டிரைவர் டோக்கன் வளையத்தைக் கையில் வாங்கினால்தான் வண்டியை எடுக்கலாம், அடுத்த ஸ்டேஷனில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் மேலே போகலாம். அதே போல ஒரு பிரம்பு வளையம் செய்தார். அதன் அடியில் தோல் பை, பைக்குள் ஒரு மரச் சிலுவை.

"இதை வாங்காம ஒருத்தரும் முழங்கால் போடக் கூடாது. இதை அடுத்தவர் கையில குடுக்காம ஒருத்தரும் எழுந்திரிக்கக் கூடாது," என்று ஆராதனையில் அறிவித்தார். "டோக்கன் கையில இருக்கிற வரைக்கும் லைன் உங்களோடது. வீட்ல தீப்பிடிச்சாலும் சரி."

பட்டியல் போட்டபோது மத்தியான நேரங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை யார் என்று கேட்டதற்குச் சபை முழுவதும் திரும்பி வாசலைப் பார்த்தது. வாசலில் அய்யாதுரை நின்றுகொண்டிருந்தார்.

"ஆகட்டும்," என்றார்.

வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை. மற்ற நாட்களுக்கு எப்படியோ வேறு ஆட்கள் அகப்பட்டார்கள்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கடையில் ஒரு காரியம் நடந்தது. பட்டுப் பிரிவில் அவருக்குப் பக்கத்தில் நிற்கிற மீனாட்சி, வடபழனிக்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், ஒரு மாம்பழக் கலர் சேலையைத் தூக்கிக் காட்டியவாறு அப்படியே மயங்கிச் சாய்ந்தாள். விழ இடமில்லாததால் கவுண்டர் மேல் சாய்ந்தாள். வாங்க வந்தவர்கள் அவள் துணியின் அழுத்தத்தைக் காட்டுகிறாள் என்று நினைத்து, "இதைவிடக் கொஞ்சம் லேசாக் காமி," என்றார்கள். அய்யாதுரைதான் தண்ணீர் தெளித்தார்.

"ஒண்ணும் இல்லண்ணே," என்றாள் அவள் கண் விழித்து. "காலு கீது, ஆனா என்னுது இல்லாத மாதிரி கீது."

அன்றிலிருந்து அய்யாதுரை ஒரே ஒரு காரியத்தைக் கடவுளிடம் கேட்பது என்று முடிவு செய்தார். ஒரு ஸ்டூல். பட்டுப் பிரிவில் ஒரே ஒரு ஸ்டூல். அங்கே நிற்கிற ஐந்து பேரும் மாறி மாறி உட்காரலாம். அண்ணாச்சியிடம் கேட்பது நடக்காத காரியம். ஆண்டவரிடம் என்றால் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ஜெப நேரத்தில் கேட்டுவிடலாம் என்று வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் வழக்கம்போல அண்ணாச்சியிடம் போய் நின்றார்.

"பன்னெண்டுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் கோயிலுக்குப் போகணும் அண்ணாச்சி."

"தீவாளி நேரத்துலயாவே?" அண்ணாச்சி நெற்றியில் திருநீறு நிமிர்ந்தது. "சரி, சாமி காரியம், நான் தடுக்க மாட்டேன். ஆனா ரெண்டு மணிக்கு அடையாறு காமாக்ஷி மாமி வாராங்க. பொண்ணு கல்யாணத்துக்கு முப்பது பட்டு. நீரு காட்டினாத்தான் எடுப்பாங்களாம், போன்லயே சொல்லிட்டாங்க. ரெண்டு அடிக்கையில நீரு கவுண்டர்ல இல்லேன்னு வையும், நாளையிலேர்ந்து கீழ பாதாளத்துல துண்டு காட்டப் போயிரும்."

பாதாளம் என்பது கடையின் அடித்தளம். துண்டு, பனியன், கைலி. காற்றாடி ஒன்றே ஒன்று; அதுவும் கைலிப் பக்கம் பார்த்துச் சுற்றும். அங்கே போனவர்கள் மேலே வந்ததில்லை.

"ஆகட்டும்," என்றார் அய்யாதுரை.

பன்னிரண்டு மணிக்கு அவர் கோயிலுக்குள் போனபோது முந்தின ஆள் வளையத்தைக் கையில் திணித்துவிட்டு, எழுந்து, செருப்பைக் காலில் மாட்டாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாசல் ஓரத்தில், கோயிலைக் கூட்டி மணியடிக்கும் கோயில்பிள்ளை சின்னப்பையன் மட்டும் இருந்தார். சின்னப்பையனுக்கு எழுபது வயது. பெயர் வைத்தவர்கள் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை.

அய்யாதுரை பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றார். அதுவும் நிற்பதுதான் என்பதால் கால்கள் ஒப்புக்கொண்டன. கண்ணை மூடினார். "ஆண்டவரே," என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. கண்ணுக்குள் சேலைகளாக வந்தன. அரக்கு, மயில்கழுத்து, எலுமிச்சை. ஒவ்வொன்றாக விரித்தார், மடித்தார். ஒரு ஸ்டூலைக் கேட்க வேண்டியவர் அரை மணி நேரம் கடவுளுக்கு முப்பத்தேழு பட்டுச்சேலை காட்டினார். கடவுள் எதையும் எடுக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இப்படிப்பட்டவர்கள்தான் கடையில் ஆளைக் கொல்கிறவர்கள்.

ஒரு மணி அடித்தது. மழையும் பிடித்தது.

ஒரு மணிக்கு வர வேண்டியவர் பியூலா டீச்சர். இரண்டு தெரு தள்ளி வீடு. ஒன்று பத்து ஆயிற்று. யாரும் வரவில்லை. ஒன்று இருபது. மழை ஓட்டின் மேல் கல்லைக் கொட்டுகிற மாதிரி கொட்டியது. சந்தில் தண்ணீர் ஏறி முதல் படியைக் காணவில்லை.

முழங்காலில் நின்றபடியே திரும்பி அய்யாதுரை கூப்பிட்டார். "சின்னப்பையன். கொஞ்சம் இதைப் பிடியும். நான் ஓடிப் போய் டீச்சரைக் கூட்டியாந்துருதேன்."

"அய்ய, அத்த என் கையில குடுக்காத நைனா," என்று சின்னப்பையன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "லிஸ்ட்ல என் பேரு இல்ல. நான் கூட்டிப் பெருக்குற ஆளு. மாஸ்டரு கண்டா வேலை பூடும்."

"அப்ப நீராவது போய் டீச்சரைக் கூட்டியாரும்."

"வாசல்ல நின்னுகினு இருன்னு சொல்லிக்கீறாரு. டோக்கனை எவனாச்சும் வச்சுட்டு ஓடிப்பூட்டா யாரு பாக்குறது?"

"நான் ஓடுவேனாவே?"

"நீ ஓட மாட்ட. அதான் டீச்சரம்மாவுக்கும் தெரியுமே." சின்னப்பையன் மழையைப் பார்த்துக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார். "காலையில கறிகாய் வாங்க வந்துச்சு. மழை வர்ற மாதிரி கீது, வருவியாம்மான்னு கேட்டேன். இன்னா சொல்லிச்சு தெரியுமா? நான் லேட்டானா இன்னா, அய்யாதுரை இருக்காரேன்னுச்சு. ரெண்டு மணிக்காரரும் அதையே சொன்னாரு. மூணு மணிக்காரரு மாஸ்டரே. அவரு ஒருத்தரு வருவாரு."

அய்யாதுரை விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். மூன்று மணி. இரண்டு மணிக்கு மாமி, முப்பது பட்டு, பாதாளம்.

எழுந்து போய்விடலாம். கதவு திறந்துதான் இருந்தது. சின்னப்பையனைத் தள்ளிக்கொண்டு போகப் பெரிய பலம் வேண்டாம். ஆனால் முப்பது நாள் அறுபடாத சங்கிலி. முப்பத்தோராம் நாள் மத்தியானம் அதை அறுத்தவன் அய்யாதுரை என்று பெயர் வரும். போகாவிட்டால் கடை போகும். முழங்கால்களில் உணர்ச்சி போய் வெகு நேரமாகிவிட்டது. அவை இரண்டும் யாரோ விட்டுப் போன மூட்டைகள் மாதிரி கீழே கிடந்தன. வளையம் மட்டும் கனத்தது. பிரம்புதான், கால் கிலோ இருக்காது. முப்பது பேர் ஏறிக்கொண்ட மாதிரி கனத்தது.

இங்கேயும் நிற்கத்தான் வேண்டும், கடையிலும் நிற்கத்தான் வேண்டும், வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலும். அவர் உலகத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அதில் உட்கார ஓர் இடமும் இல்லை. எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. ஒவ்வொரு கதவிலும் ஒருவர் நின்று இவர் கையில் ஏதோ ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவருக்குக் கோபம் வந்தது. எட்டாம் வகுப்புக்குப் பிறகு வராத கோபம். ஆளில்லாத இடத்தில் வந்ததால் அவருக்கு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. நேராகப் பீடத்தைப் பார்த்தார். அதற்குப் பின்னால் சுவரில் அந்த வசனம் இருந்தது. இவ்வளவு பக்கத்தில் வைத்து அவர் அதை வாசித்ததில்லை. கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து தெரியாத ஒன்று இங்கிருந்து தெரிந்தது. சுமந்து களைத்தவர்கள் எல்லோரும் என்று எழுதியிருந்தது. வாசலில் நிற்பவர் நீங்கலாக என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"ஆண்டவரே," என்றார் அய்யாதுரை, சத்தமாகவே. "என்னால இனி ஏலாது. இது உம்ம சங்கிலி, உம்ம கோயில். என்னுதுன்னு நெனச்சு நான் புடிச்சுக்கிட்டு நிக்கேன். நீரு கொஞ்சம் பிடியும்."

வளையத்தைக் கொண்டுபோய்ப் பீடத்தின் முன்னால் இருந்த மரக் கிராதியில் மாட்டினார். மாட்டிவிட்டுக் கையை உடனே எடுக்காமல், கூரை இடிந்து விழுகிறதா என்று கொஞ்சம் பார்த்தார். மழை அதே மாதிரி பெய்தது. சின்னப்பையன் வாயைத் திறந்தபடி நின்றார். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

முதல் வரிசைப் பெஞ்சு பக்கத்திலேயே இருந்தது. பழைய தேக்கு, சாய்ந்துகொள்ள முதுகு உள்ளது. எத்தனையோ பேரை அதில் உட்கார வைத்திருக்கிறார். அய்யாதுரை அதைக் கையால் பிடித்துக்கொண்டு, ஆற்றுக்குள் இறங்குகிறவரைப் போல, மெதுவாக உட்கார்ந்தார். கால்கள் மடங்கின. மடங்கும்போது கேட்ட சத்தத்தில் கூரையிலிருந்த இரண்டு புறாக்கள் மழையையும் பாராமல் வெளியே பறந்துவிட்டன.

கேட்க வந்த ஸ்டூல் ஞாபகம் வந்தது. "ஒரு ஸ்டூல் வேணும் ஆண்டவரே, அஞ்சு பேருக்கும்," என்று சுருக்கமாகச் சொல்லி முடித்தார். பிறகு சும்மா இருந்தார். பக்கத்தில் ஒருவர் இருக்கிற மாதிரி இருந்தது. வந்தவர் எதையும் எடுத்துக் காட்டச் சொல்லவில்லை, வேறு கலர் கேட்கவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. முப்பத்தேழு சேலையையும் பொறுமையாகப் பார்த்தவர் இவர்தான் போலிருக்கிறது, இத்தனை நேரம் நான் உட்காருவதற்காகத்தான் காத்திருந்தாராக்கும் என்று அய்யாதுரை நினைத்தார். கண் தானாக ஈரமாயிற்று. அதைத் துடைக்கக் கையைத் தூக்கினார். கை பாதி வழியிலேயே தூங்கிவிட்டது. பின்னாலேயே அவரும் தூங்கினார்.

அதன் பிறகு நடந்தது சின்னப்பையன் சொன்னது. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை, கொஞ்சம் நீளமாகச் சொல்கிற ஆள்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தபோது ஓர் ஆட்டோ சந்துக்குள் படகு மாதிரி வந்ததாம். அதிலிருந்து வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய ஒரு பெரிய மனிதர் இறங்கி, தொப்பலாக நனைந்து உள்ளே வந்தாராம். வெள்ளைச்சாமி அண்ணாச்சி. அவருடைய கார் பனகல் பார்க்கிலேயே நின்றுவிட்டது.

"எங்கவே அய்யாதுரை?"

சின்னப்பையன் விரலை நீட்டினார். அண்ணாச்சி பார்த்தார். உட்கார்ந்திருக்கிற அய்யாதுரையை அவர் ஒன்பது வருஷமாகப் பார்க்காததால் முதலில் வேறு யாரோ என்று நினைத்தாராம். பிறகு கிட்டே போய் எழுப்பக் கையை ஓங்கினார்.

"எழுப்பாத முதலாளி," என்றார் சின்னப்பையன். "அவரு டோக்கனை ஆண்டவர் கையில குடுத்துட்டுத் தூங்கிக்கினு கீறாரு. எழுப்பி இட்டுகினு போணும்னா வேற ஒரு ஆளு அத்த வாங்கணும். ரூலு."

"நீரு வாங்கும்."

"நான் வேலைக்காரன், வாங்கக் கூடாது. நீ முதலாளிதான, வாங்கு."

அண்ணாச்சிக்கு வாதம் பண்ண நேரமில்லை. கடைக்காரர், கையில் எடுத்தால்தான் காரியம் நடக்கும் என்று தெரிந்தவர். போய்க் கிராதியிலிருந்து வளையத்தை எடுத்தார். எடுப்பதற்கு முன்னால் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார் என்கிறார் சின்னப்பையன். "முருகா, இது அவுக எடம், தப்பா எடுத்துக்கிடாத," என்று சொல்லிவிட்டு, முழங்கால் போட வராததால் அய்யாதுரைக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "இப்ப இவரை எழுப்…" என்று ஆரம்பித்தார். கடையில் அவருக்கு நாற்காலி உண்டுதான். ஆனால் அதில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாக அவர் நான்கு மாடியையும் கண்ணாலேயே தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லின் மீதி வரவில்லை. திறந்த வாய் திறந்தபடி அண்ணாச்சியும் தூங்கிவிட்டார்.

மூன்று மணிக்குக் குடையோடு வந்த ஞானசிகாமணி கண்டது இதைத்தான். முதல் பெஞ்சில் இரண்டு பேர் தோளோடு தோள் சாய்ந்து தூங்குகிறார்கள்; சங்கிலி ஜெபத்தின் டோக்கன் திருநீறு பூசிய ஒருவரின் மடியில் இருக்கிறது.

அவர் குடையால் பெஞ்சைத் தட்டினார். அய்யாதுரை துள்ளி எழுந்தார். எழுந்த பிறகுதான், எழுவது சுலபமாக இருந்தது தெரிந்தது. கால் இரண்டும் அவருடையவையாக இருந்தன.

"ஒரு மணிக்கு அப்புறம் டோக்கன் யார்கிட்ட இருந்தது?" என்று கேட்டார் ஞானசிகாமணி.

பொய் சொல்லலாம் என்று தோன்றவே இல்லை. "ஆண்டவர்ட்ட குடுத்தேன் ஐயா. என்னால ஏலலை."

"அப்புறம்?"

"அவர்ட்டேருந்து நான் வாங்கினேன்," என்றார் அண்ணாச்சி கண்ணைக் கசக்கிக்கொண்டு. "என்னவே, தப்பா?"

ஞானசிகாமணி குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். முப்பத்தாறு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கேஸ் வரவில்லை. பிறகு சின்னப்பையனிடம் நேரம் கேட்டுக்கொண்டு, பட்டியலை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, பேனாவை உதறி எழுதினார். 13.20 முதல் 13.58 வரை: கர்த்தர். 13.58 முதல் 15.00 வரை: வெள்ளைச்சாமி. இரண்டுக்கும் எதிரே, டோக்கன் முறையாகக் கைமாறியது, லைன் கிளியர் என்று குறித்துக் கையெழுத்துப் போட்டார். வளையத்தை வாங்கிக்கொண்டு முழங்கால் போட்டார்.

ஆட்டோவில் திரும்பும்போது அண்ணாச்சி தேனாம்பேட்டை வரை வேட்டியைப் பிழிந்துகொண்டே வந்தார். பிறகு கேட்டார்.

"அங்க போய் என்னதான்வே கேட்டீரு?"

"ஸ்டூலு அண்ணாச்சி."

"என்னது?"

"பட்டு செக்‌ஷனுக்கு ஒரு ஸ்டூலு. நாங்க மாத்தி மாத்தி உக்கார."

"அதை எங்கிட்டல்லாவே கேக்கணும்?"

"பயம்."

"சாமிக்கிட்ட பயமில்லையோ?"

"அங்கயும் இருந்துச்சு. இன்னிக்குத்தான் போச்சு."

அண்ணாச்சி மழைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாதாளத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாததால் அய்யாதுரை அது முடிவாகிவிட்டது என்று நினைத்தார். கைலிப் பக்கம் திரும்பியிருக்கும் காற்றாடியை எப்படித் துண்டுப் பக்கம் திருப்புவது என்று யோசிக்கலானார். அதிசயம், அந்த யோசனை அவருக்குக் கனக்கவில்லை.

கடையில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் தரைத்தளத்துக்கு மட்டும்தான். இரண்டாம் மாடி இருட்டாக இருக்கும், மாமி கோபித்துக்கொண்டு போயிருப்பாள் என்று இருவரும் படியேறினார்கள். மேலே ஒரே பேச்சும் சிரிப்புமாக இருந்தது.

ஜன்னல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில், தரையில், பார்சல் கட்டுகிற வெள்ளைத் துணி நீளமாக விரித்திருந்தது. நடுவில் மீனாட்சி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிக் காமாக்ஷி மாமி, கல்யாணப் பெண் அனன்யா, நாத்தனார்கள், ஒரு கைக்குழந்தை. சேலை மலையாக ஏறியிருந்தது. அண்ணாச்சியைப் பார்த்ததும் மீனாட்சி பதறி எழப் போனாள்.

"கவுண்டராண்ட இருட்டா இருந்துச்சுண்ணாச்சி. இங்கதான் கொஞ்சம் வெளிச்சம் வந்துச்சு. அவங்க உக்காந்துகினாங்க. நான் மட்டும் நின்னா அவங்க தலைமேல விழுவேன், அத்தொட்டுதான்…"

"நீ எழுந்துக்காதேடி, அந்த வாடாமல்லியை இன்னொரு தரம் காமி," என்றாள் காமாக்ஷி மாமி. பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, "முன்னெல்லாம் உங்க கடையில இப்படித்தானே உக்காந்துண்டு பார்ப்போம்? நின்னுண்டு காமிச்சா, எப்போ போவேள்னு கேக்கறாப்பல இருக்கும். முப்பதுன்னு வந்தோம், நாப்பத்தஞ்சு ஆயிடுத்து."

அண்ணாச்சி அந்தச் சேலைகளைப் பார்த்தார். ஒன்றுகூட உட்கார்ந்துவிடவில்லை. எல்லாம் மினுமினுவென்று இருந்தன.

அன்று சாயங்காலம் தச்சனைக் கூப்பிட்டனுப்பினார். ஸ்டூல் வேண்டாம், பார்க்க டீக்கடை மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டார். மயிலாப்பூரில் இன்ன சந்தில் இன்ன கோயிலில் முதல் வரிசையில் ஒரு பெஞ்சு இருக்கிறது, போய் அளவெடுத்து வா என்றார். தச்சன் கண்ணும் கருத்துமான ஆள். நாலே நாளில் மாடிக்கு ஒன்றாக நாலு பெஞ்சும், பாதாளத்துக்கு ஒன்றும் வந்தன. கோயில் பெஞ்சில் பாட்டுப் புத்தகம் வைக்கப் பின்னால் ஒரு சின்னத் தட்டு உண்டே, அதையும் விடாமல் செய்திருந்தான். அதில் டிபன் பாக்ஸ் கச்சிதமாக உட்கார்ந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று அண்ணாச்சிக்கு ஒரு கவலை. அய்யாதுரை ஞானசிகாமணியிடம் சொல்லி பெஞ்சுக்கு ஒன்றாக ஐந்து பிரம்பு வளையம் செய்து வாங்கி வந்தார். வளையம் கையில் இருக்கிறவர் கால் மணி நேரம் உட்காரலாம். பிறகு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். முதல் வளையத்தை அய்யாதுரை மீனாட்சியிடம் கொடுத்தார். அவள் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "இன்னாண்ணே, அதுக்குள்ள ஆயிட்சா?" என்றாள்.

சங்கிலி ஜெபத்தின் முப்பத்தெட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்கும் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரையிலான நேரத்தை அவர்தான் எடுத்திருந்தார். போவதற்கு அவருக்கே ஆசையாக இருந்தது. பதினொன்றே காலுக்குக் கடையில் அவர் உட்காரும் முறை வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, வளையத்தை மடியில் வைத்துக் கண்ணை மூடினார். ஆண்டவரே என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்.

மீனாட்சி டெலிபோனை வயரோடு இழுத்துக்கொண்டு வந்தாள். "கோயில்லேர்ந்து யாரோ டீச்சராம்ணே."

"யாரு, அய்யாதுரையா?" பியூலா டீச்சரின் குரல் வகுப்பறையைத் தாண்டிக் கேட்கும் குரல். "இன்னிக்கும் மழை வரும் போல இருக்கு. எனக்கு மூட்டு வலி வேற. ஒரு மணிக்கு வர்ற என் முறையையும் நீங்களே பார்த்துக்கிடுங்களேன். எப்படியும் நீங்க அங்கதான இருப்பீங்க?"

நாக்கு அசைந்தது. பக்கத்தில் குடியிருந்த சொல்லைத் தேடியது. அது வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருந்தது.

"முடியாது டீச்சர்," என்றார் அய்யாதுரை. "ஒரு மணிக்கு நீங்க வந்துருங்க. டோக்கனை உங்க கையில குடுத்துட்டுத்தான் நான் கெளம்புவேன்."

டீச்சர், "உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கேன் டீச்சர். உக்காந்திருக்கேன்."